"முருகா!" என்றால் முழங்கால் வலி குறையுமா?

தரையில் உட்கார்ந்து கீரை ஆயும் பாட்டி எழுந்திருக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையை ஊன்றி, "முருகா..." என்று இழுத்துச் சொல்லிக்கொண்டேதான் எழுவார். சில வீடுகளில் அது "அல்லா", சில வீடுகளில் "ஏசப்பா". அந்தப் பெயரைச் சொன்னால் வலி உண்மையிலேயே குறைகிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதையெல்லாம் சோதித்துப் பார்க்க முடியாது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முடிவு 2017-இல் வெளிவந்தது.

முதலில் ஒரு சிக்கல். காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் உண்டு. வலியை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. வலிக்கிறவரைத்தான் கேட்க வேண்டும். நாம் விழுந்து அடிபட்டால் வீட்டில் இரண்டு கேள்வி கேட்பார்கள்: "ரொம்ப வலிக்குதா?", "தாங்க முடியுதா?" இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் வேறுவேறு. கபடியில் எதிரணியின் பிடியிலிருந்து திமிறிக் கோட்டைத் தொடும்போது முட்டி சிராய்த்தால் வலிக்கும். மனதுக்குப் பெரிதாகப் படாது. அதே சிராய்ப்பு, திட்டு வாங்கிய அன்றைக்கு ஏற்பட்டால் அழுகையே வந்துவிடும். வலியின் அளவு ஒன்று, அது நம்மைப் படுத்தும் பாடு இன்னொன்று. மூளையும் இந்த இரண்டையும் ஓரளவு தனித்தனியாகவே கவனிக்கிறது. டென்மார்க்கில் அந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டார்கள்.

சோதனைக்கு வந்தவர்கள் 28 பேர். எல்லோரும் ஆழ்ந்த நம்பிக்கையுள்ள புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். அவர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, வலிக்கும் அளவுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். (ஆய்வகத்தில், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்யக்கூடியது இது. வீட்டில் கரண்டோடு விளையாடவே கூடாது.) அதிர்ச்சி வரும்போது அவர்கள் ஜெபம் செய்தார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஜெபம் செய்ததும் வலி குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது ஜெபத்தால்தான் என்று எப்படிச் சொல்வது? ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்திருந்தாலும் கவனம் திரும்பி வலி குறைந்திருக்கலாமே! நல்ல சோதனை இந்தச் சந்தேகத்துக்கு முன்கூட்டியே இடம் கொடுக்கும். அதனால் அதே 28 பேரையும் இன்னொரு வேண்டுதலையும் சொல்லவைத்தார்கள். அதில் கடவுள் இல்லை. சொல்வது இரண்டிலும் உண்டு. பக்தி ஒன்றில்தான் உண்டு. அப்படியானால் வித்தியாசம் வந்தால் அது எதனால் என்று ஊகிக்கலாம் அல்லவா?

வித்தியாசம் வந்தது. கடவுளிடம் ஜெபித்தபோது வலியின் அளவு 11 சதவீதம் குறைந்தது. வலி படுத்தும் பாடு 26 சதவீதம் குறைந்தது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ரொம்ப வலிக்குதா?" என்பதற்கான பதில் கொஞ்சம்தான் மாறியது. "தாங்க முடியுதா?" என்பதற்கான பதில்தான் நன்றாக மாறியது.

இது எப்படி நடக்கிறது? நம் உடம்பே வலி தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பன்றி மூளையிலிருந்து அப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்து 'என்கெஃபலின்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பொருள்களை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தும் உண்டு. அதன் பெயர் நலோக்சோன். ஜெபம் இந்தச் சுரப்பைத் தூண்டித்தான் வலியைக் குறைக்கிறது என்றால், நலோக்சோன் கொடுத்ததும் ஜெபத்தின் பலன் மறைய வேண்டும். டென்மார்க்கில் கொடுத்துப் பார்த்தார்கள். மறையவில்லை! பலன் அப்படியே இருந்தது. ஆக, இங்கே வேலை செய்தது வேறு ஏதோ வழி. யார் யார் ஜெபம் வலியைக் குறைக்கும் என்று உறுதியாக எதிர்பார்த்தார்களோ, அவர்களுக்கே அதிகம் குறைந்தது. மூளையின் முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் இணைக்கும் ஒரு பெரிய வலைப்பின்னல் அப்போது, கடவுள் இல்லாத வேண்டுதலைச் சொன்னபோது இருந்ததைவிட அமைதியாக இருந்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2008-இல், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு வெளிவந்தது. 12 கத்தோலிக்கர்கள், மத நம்பிக்கை இல்லாத 12 பேர். மின்னதிர்ச்சி வரும்போது அவர்கள் ஓவியம் பார்த்தார்கள். ஒன்று கன்னி மரியாள். இன்னொன்று லியொனார்டோ டா வின்சி வரைந்த, கீரிபோன்ற வெள்ளை விலங்கைக் கையில் ஏந்திய இளம்பெண். மரியாளைப் பார்த்தபோது கத்தோலிக்கர்களுக்கு வலி குறைந்தது. மற்றவர்களுக்கு எந்த ஓவியத்தாலும் மாற்றமில்லை. அதாவது, ஓவியம் தானாக எதுவும் செய்யவில்லை. பார்த்தவர் மனதில் அதற்கு இருந்த பொருள்தான் செய்தது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் மூளையின் முன்பகுதியில் ஓரிடம் சுறுசுறுப்பானது. டென்மார்க்கிலோ பல இடங்கள் அமைதியாயின. படம் பார்ப்பதும் ஜெபிப்பதும் மூளைக்கு வேறுவேறு வேலையோ என்னவோ. அதை ஆராய உங்களில் ஒருவர் வளர்ந்து வந்தால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

கடவுள் உண்டா, கேட்கிறாரா என்பதை இந்தக் கருவிகள் அளக்கவில்லை. ஜெபிக்கிறவரின் மூளையைத்தான் அளந்தன. மின்னதிர்ச்சியும் குறையவில்லை, அது வந்த அளவுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பாட்டியின் முழங்காலில் தேய்ந்த இடமும் தேய்ந்தபடியேதான் இருக்கும். அதற்கு மருத்துவர் வேண்டும்.

அடுத்த முறை பாட்டி "முருகா" என்று எழுந்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். "எவ்வளவு வலிக்குது பாட்டி? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு, "அது எவ்வளவு படுத்துது? அதுக்கு ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக வருகிறதா என்று பாருங்கள்.