ஒரு படி கூடுதல்

எங்கள் அப்பாயி உலை வைக்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு அளந்து போட்டுவிட்டு, அதன்மேல் இன்னும் ஒரு படி அரிசி போடுவார். அது யாருக்கு என்று அவருக்கும் தெரியாது. பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்குள் தெரிந்துவிடும். கோர்ட்டு வாய்தாவுக்கு வந்தவர், பெண் பார்க்கப் போகிற வழியில் இறங்கியவர், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் வந்த தூரத்துச் சொந்தம் என்று யாராவது திண்ணையில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்திருப்பார். திருவாரூர் கீழவீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு.

வந்தவரிடம் “சாப்பிட்டீங்களா?” என்று அப்பாயி கேட்டதே இல்லை. கேட்டால் கூச்சப்படுகிறவர் ஆச்சு என்று சொல்லிவிடுவார். “கைகால் அலம்பிட்டு வாங்க, இலை போட்டாச்சு” என்பார். அதற்குப் பிறகுதான் கொல்லைக்கு ஓடி இலை நறுக்குவார்கள்.

1960களின் நடுவில் அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து நெல்லோ அரிசியோ அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. எல்லையில் சோதனைச் சாவடிகள். சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் சோற்றைப் பார்த்த பார்வையை அப்பாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பும்போது புடவைகளுக்கு நடுவே அரிசி முடிந்து கொடுத்ததையும் மறைக்காமல் சொல்வார். அந்த வருஷங்களில்தான் ஆடுதுறை 27 வந்தது. திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவியதால் ஜனங்கள் அதை ரேடியோ நெல் என்றார்கள். குறுவையில் நன்றாகக் கண்டது. எங்கள் வீட்டு நாக்குக்குத்தான் பிடிக்கவில்லை. அதனால் இரண்டு பானை. வந்தவர்களுக்குப் பழைய சம்பா, வீட்டாருக்கு ரேடியோ அரிசி. தாத்தாவுக்கும் அதுதான். அந்த விஷயத்தில் அவருக்கு மேல்முறையீடு கிடையாது.

பங்குனியில் தேரோட்டம் வந்துவிட்டால் வீடு கொள்ளாது. 1948க்குப் பிறகு ஓடாமல் நின்ற ஆழித்தேர் 1970இல் மறுபடி ஓடியபோது, திண்ணை, முற்றம், மாட்டுக்கொட்டகை வரை ஆட்கள் படுத்திருந்ததாக அப்பா சொல்வார். அப்பாயியின் மாமியார் காலத்தில் இன்னும் கடினம். தொண்ணூற்றாறு அடி உயரத் தேர், வடத்தை நம்பித்தான் நகர வேண்டும். நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும். அதுவரை விருந்தாளிகளும் கிளம்ப மாட்டார்கள், அடுப்பும் அணையாது. இன்று திருச்சி பெல் நிறுவனத்தார் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன, பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. காலையில் கிளம்பிய தேர் பொழுதுசாயும் வேளையில் நிலைக்கு வந்துவிடுகிறது. பார்க்க வந்தவர்களும் அன்றைக்கே காரில் திரும்பிவிடுகிறார்கள்.

இத்தனை பேருக்குச் சோறு போட்ட வீட்டில், நெல் அவித்துக் காயவைத்துக் கொடுத்த பெண்கள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தில் அப்பாயி குழம்பைத் தாராளமாக ஊற்றுவார். கை படாமல், உயர்த்தித்தான் ஊற்றுவார். குழந்தை பெற்ற வீட்டுக்குக் கருவாடும் பூண்டும் கொடுத்தனுப்பியவர், அந்த எல்லையைத் தாண்டவில்லை. அவர்மேல் எனக்கிருக்கும் பிரியத்தில் இதை விட்டுவிட்டுச் சொன்னால் அது அவரைப் பற்றியதாக இருக்காது.

இப்போது அந்த வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். திண்ணைக்குக் கம்பிக்கதவு போட்டாயிற்று. அரிசி சிப்பமாக மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. குக்கரில் ஆளுக்கு ஒரு டம்ளர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற அண்ணி வீடு திரும்பவே மாலை ஐந்தாகிவிடும். வருகிறவர்கள் முதல்நாளே போன் செய்கிறார்கள், ராத்தங்க லாட்ஜ் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா அண்ணியோடு ஒரே மேஜையில் காபி குடிக்கிறார். அப்பாயி காலத்தில் யாரும் நினைத்துப்பார்க்காத காரியம் இது.

மனிதர்களுக்கு ஈரம் வற்றிவிட்டது என்று உறவில் சில பெரியவர்கள் அண்ணியைக் குத்திப் பேசுவதுண்டு. எனக்குக் கோபம் வரும். அந்த உபசாரம் முழுவதும் ஒரு பெண்ணின் இடுப்பிலும் முழங்காலிலும் நின்றது. அவர் எல்லோரும் சாப்பிட்ட பிறகு நாலு மணிக்குச் சாப்பிட்டார். பத்து எட்டில் தேர். ஆனால் தேர் அசைகிற நேரத்தில் அவர் சோறு வடித்துக்கொண்டிருப்பார். வடத்தை ஒருமுறையும் தொட்டதில்லை. வீட்டுக்குள்ளிருந்தே சத்தத்தை வைத்து, “மேலவீதி திரும்பிட்டுது” என்பார்.

ஆனாலும் ஒன்றை இழந்திருக்கிறோம். அண்ணியிடமும் அதைச் சொன்னேன். அந்தக் காலத்தில் கையில் காசில்லாமல் திருவாரூரில் இறங்கிய ஒருவருக்கு, போகலாம் என்று ஒரு வீடு இருந்தது. முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த மருமகள்கள்கூட நாலு நாள் இருந்து தெளிந்து போயிருக்கிறார்கள்; அப்பாயி என்ன ஏது என்று விசாரித்ததில்லை. போன் செய்துவிட்டு வரும்படி கேட்கிற வீட்டுக்கு அப்படிப்பட்டவர்கள் வரவே மாட்டார்கள்.

அண்ணி கொஞ்சநேரம் யோசித்தார். “அதுக்கு ஒருத்தி நாள் பூரா அடுப்படியில நிக்க வேணாம். ராத்திரி எந்நேரம் வந்தாலும் கதவைத் திறக்கலாம், தோசைமாவு எப்பவும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. உங்கண்ணனுக்கும் தோசை ஊத்தத் தெரியும்” என்றார்.

இந்தத் தேருக்கு மதியச் சாப்பாட்டை ஒரு மெஸ்ஸில் சொல்லிவிட்டு, அண்ணி வடம் பிடிக்கப் போனார்.