ஊருக்கு நல்ல உணவு உங்கள் உடலுக்கும் ஒத்துப்போகிறதா?

லெம்பா பெர்த்தாம் – "சோற்றை நிறுத்துங்கள், இனிப்புநீர் தானாக இறங்கிவிடும்." கேமரன் மலையின் தோட்ட வீடுகளிலும் ரிங்லெட், தானா ராத்தா கடைத்தெருக்களிலும் இந்த அறிவுரையைக் கேட்காத தமிழர் குறைவு. பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்; புலனத்தில் காணொளி வரும்; சில வேளைகளில் கிளினிக்கிலேயே "சோற்றைக் குறைங்க" என்பார்கள்.

அறிவுரை தவறானதல்ல. பலருக்கு அது பலன் தருகிறது. ஆனால், காலையில் இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சரியாகப் பசியாறாமல் மலைச்சரிவில் வேலைக்கு ஏறும் ஒருவருக்கு, பத்து மணிக்குள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டலாம். அறிவுரை ஒன்றுதான். உடல் வேறு, மருந்து வேறு, செய்யும் வேலை வேறு.

ஆகவே ஓர் உணவுமுறை நல்லதா, கெட்டதா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அது நமக்கு ஒத்துப்போகிறதா என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்றும் கேட்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். உணவை மாற்றச் சொல்லும் அறிவுரைகள் நம் வீடுகளைத் தேடி அதிகம் வருவதற்கு இதுவே காரணம்.

மலாயா மண் தந்த பாடம்

உணவு உடலுக்கு ஒவ்வாததைக் கண்டுபிடித்த மிகப் பெரிய கதைகளில் ஒன்று இந்த நாட்டிலேயே நடந்தது. நூறாண்டுக்கு முன் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி என்ற நோய் ஏராளமானோரைக் கொன்றது. முதலில் கால் மரத்துப்போகும்; பிறகு வீங்கும்; நடை தளரும்; மூச்சு வாங்கும்; கடைசியில் இதயம் செயலிழக்கும். வயிற்றில் எந்தத் தொல்லையும் தெரியாததால் சாப்பாட்டைச் சந்தேகிக்கப் பலருக்குத் தோன்றவில்லை. இது தொற்றுநோய் என்றே பல மருத்துவர்களும் நம்பினர்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நோயுற்றனர். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் நோய் அரிதாகவே இருந்தது. அரிசியே காரணம் என்று 1907இல் அவர் நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஃபிளெட்ச்சர் என்ற மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் தாம் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார். வெள்ளை அரிசி பெற்ற நோயாளிகளில் கால் பங்குக்கும் மேற்பட்டோரைப் பெரிபெரி தாக்கியது. 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி பெற்றவர்களில் பெரிபெரியால் எவரும் சாகவில்லை.

கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும் ஒரு படி மேலே சென்றனர். நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தனர். சில மாதங்களில் வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. 1909இல் இந்த முடிவு வெளியானது. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்ற பி1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிவானது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, ஒவ்வாத உணவு எப்போதும் வயிற்றில்தான் தெரியும் என்பதில்லை. மாதக்கணக்கில் கழித்துக் காலில் தெரியலாம், மூச்சில் தெரியலாம். இரண்டு, சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று கணக்கு வைக்க வேண்டும்.

ஒரே உணவு, வெவ்வேறு உடல்

பெரிபெரி எல்லா உடலுக்கும் பொதுவான ஒரு குறை. இன்றைய ஆய்வுகள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் காட்டுகின்றன. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகம் 800 பேரின் இரத்த இனிப்பை ஒரு வாரம் இடைவிடாமல் அளந்து, 2015இல் முடிவை வெளியிட்டது. ஒரே உணவை உண்டவர்களில் சிலருக்கு இனிப்பு விர்ரென்று ஏறியது. சிலருக்கு அசையவே இல்லை. நல்லது என்று நம்பித் தக்காளியை அடிக்கடி உண்டுவந்த ஒரு பெண்ணுக்கு, அந்தத் தக்காளியே இனிப்பை ஏற்றியதும் தெரியவந்தது. இதனால் தக்காளி கெட்டதாகிவிடாது. அந்த உடல் அதை ஏற்றுக்கொண்ட விதம் அப்படி.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் எடை இழந்தனர். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 25 கிலோவுக்கு மேல் இழந்தவரும் இருந்தனர். எடை கூடியவரும் இருந்தனர். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்தது நமக்குத் தராவிட்டால், நாம் சோம்பேறி என்றோ கட்டுப்பாடு இல்லாதவர் என்றோ அதற்குப் பொருளில்லை.

பழகும் தொல்லையா, எச்சரிக்கையா?

புதிய உணவுமுறையில் முதல் இரண்டு வாரங்களுக்குச் சில தொல்லைகள் வருவது இயல்பு. கீரை, பருப்பு, முழு தானியம் கூடும்போது வயிற்றில் காற்று சேரும். சீனி போட்ட தேநீரை நிறுத்தினால் தலை வலிக்கலாம். மெல்ல மெல்ல அளவைக் கூட்டி, தண்ணீர் போதிய அளவு குடித்தால் இவை பெரும்பாலும் அடங்கிவிடும்.

கீழ்க்காண்பவை அப்படி அடங்குபவை அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த உணவுமுறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்:

• எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், படபடப்பு, மயக்கம் வருவது.

• வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் அல்லது வயிற்று வலி இரண்டு, மூன்று வாரங்களாகியும் நீங்காதது.

• தூங்கி எழுந்தும் தீராத களைப்பு; முன்பு எளிதாக ஏறிய மேட்டில் இப்போது மூச்சு வாங்குவது.

• கை கால் மரத்துப்போவது, கால் வீங்குவது, முடி கொத்தாக உதிர்வது.

• பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது.

• எடை வேண்டிய அளவைத் தாண்டி இறங்கிக்கொண்டே போவது.

• சரியாகக் கடைப்பிடித்தும் இனிப்பு, இரத்த அழுத்த அளவுகள் மோசமாவது.

எல்லாப் பழியையும் உணவின் மேல் போடவும் கூடாது. இனிப்புநீருக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபோர்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அதை நீண்ட காலம் உட்கொண்டால் பி12 உயிர்ச்சத்தும் குறையலாம். அத்தகையவர் முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் குறைபாடு கூடி, கால் மரத்துப்போகும். "இனிப்புநீர் முற்றிவிட்டது" என்று தாமே முடிவுகட்டாமல், இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கக் கேட்பது நல்லது.

சோதித்துப் பார்க்கவே கூடாதவர்கள்

சிலருக்கு, உடல் சைகை காட்டும்வரை காத்திருப்பதே ஆபத்து. இவர்கள் உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

இன்சுலின் ஊசி போடுவோர், கிளிக்லாசைட் போன்ற மாத்திரை எடுப்போர்: சோறு குறைந்து மருந்தின் அளவு குறையாவிட்டால் இரத்த இனிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும். 4 மில்லிமோலுக்குக் கீழே போனாலோ, நடுக்கமும் வியர்வையும் வந்தாலோ உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 999 எண்ணை அழைக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்வோர் பையில் சீனிப் பொட்டலமோ மிட்டாயோ வைத்திருப்பது நல்லது.

எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் மாத்திரை எடுப்போர்: மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயம் உண்டு. அப்போது இனிப்பு அளவு ஓரளவு சரியாக இருப்பது போலவே காட்டலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டோர்: இளநீர், வாழைப்பழம், கீரைச் சாறு, 'சோடியம் குறைந்த' உப்பு ஆகியவற்றிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதுபட்ட சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் போகலாம், இதயத் துடிப்பே குழம்பிவிடும். இந்த நாட்டில் எளிதாகக் கிடைக்கும் பெலிம்பிங் பழம் இவர்களுக்கு நஞ்சு. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று அது உயிரையே பறிக்கலாம். அதிலுள்ள கேரம்பாக்சின் என்ற நச்சுப்பொருளைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டனர்.

வார்ஃபரின் எடுப்போர்: கேமரன் மலையில் கீரைக்கும் முட்டைக்கோசுக்கும் பஞ்சமில்லை. ஆனால் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள கே உயிர்ச்சத்து மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கீரையை விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதுதான் முக்கியம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முதியவர்கள் ஆகியோரும் எந்த உணவு வகையையும் முற்றாக நிறுத்தும் முன் ஆலோசனை பெற வேண்டும்.

நோட்டுப் புத்தகம் போதும்

மற்றவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விலையுயர்ந்த பரிசோதனைப் பொட்டலங்கள் தேவையில்லை. ஒரு பள்ளி நோட்டில் நான்கு கோடு போட்டு, சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பிறகு உடல் எப்படி இருந்தது என்று இரண்டு வாரம் எழுதினால் போதும். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறதா? இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். பிறகு சிறிதளவு திரும்பக் குடித்துப் பாருங்கள். நிறுத்தினால் அடங்கி, குடித்தால் திரும்பினால் காரணம் ஓரளவு பிடிபட்டுவிடும். உலகில் பெரியவர்களில் மூன்றில் இருவருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவு என்பதால் இதில் வியப்பில்லை. பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஆனால் உணவு உண்டதும் உடல் தடித்து, உதடு வீங்கி, மூச்சு அடைத்தவர்கள் அதை மீண்டும் உண்டு சோதிக்கவே கூடாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், உண்ணும் முன்பும் உண்ட இரண்டு மணி நேரத்திற்குப் பின்பும் அளக்கலாம். சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் நல்லது என்பார்கள். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் சிலருக்கு வேகமாகவே இனிப்பு ஏறும். ஒரு நாள் அரைக் கிண்ணம் சோறு, காய்கறி, மீன், மறுநாள் கூழ். இரண்டு நாள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

அந்த நோட்டோடு ரிங்லெட் சுகாதாரக் கிளினிக்கிற்கோ தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ செல்லும்போது பேச்சு எளிதாகும். "டாக்டர், ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னால் அவரால் அதிகம் செய்ய இயலாது. "காலை ஏழு மணிக்கு மாத்திரை, பத்து மணிக்கு நடுக்கம், எண் 3.6" என்று காட்டினால், உடனே மருந்தின் அளவையோ உணவின் நேரத்தையோ மாற்ற முடியும். உணவியல் அதிகாரியைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதமும் கேட்கலாம். கேட்காமலேயே மருந்தை நிறுத்துவது மட்டும் கூடாது.

ஓர் உணவுமுறை ஒத்துவரவில்லை என்றால் முயற்சியையே கைவிட வேண்டும் என்பதில்லை. சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டில் சோற்றுக்கும் இடமுண்டு: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறியும் பழமும். சோற்றை அறவே விட முடியாதவர், அதைக் கால் தட்டாக்குவதில் இருந்து தொடங்கலாம். அதுவும் தமக்கு ஒத்துப்போகிறதா என்பதை இரண்டு வாரத்தில் அவரது நோட்டே சொல்லிவிடும்.