பாட, ஆட, நடிக்க எந்தக் கல்லூரி?

மார்ச் மாதக் கடைசி வாரம். ஈசூனில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று உள்ளூர்க் கல்லூரியுடையது, மற்றொன்று லண்டனிலிருந்து வந்தது. அக்கா மகளுக்கு இசை நாடகப் பட்டப்படிப்பில் இடம் கொடுத்திருந்தார்கள். லண்டன் கல்லூரிக்கு மூன்று வாரத்துக்குள் முன்பணம் கட்டவேண்டும். அத்தான் ஏற்கெனவே கணக்குப் போட்டு முடித்திருந்தார். கட்டணம், அறை வாடகை, சாப்பாடு, விமானச் சீட்டு என்று மூன்று ஆண்டுக்கும் சேர்த்தால் அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும்.

“பாடி, ஆடி, நடிக்கிறதுக்கு ஒரு டிகிரியா?” என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

புரியாமல் போவதற்கு இது நமக்கு அந்நியமான சங்கதி அல்ல. 1918ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் குழுவோடு தங்கிப் பாட்டும் வசனமும் நடிப்பும் கற்றார்கள். பின்னாளில் பேர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளுக்குக் கல்லூரி என்று பெயர் இல்லை, அவ்வளவே. ஆனால் அங்கே ஒரு கொடுமையும் இருந்தது. பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை கதாநாயகியாகப் பாடியவனுக்கு இன்று வேஷம் கிடையாது. குரலைப் பயன்படுத்திக்கொள்வது வேறு, வளர்த்துக்கொடுப்பது வேறு. கல்லூரி தேடும்போது அந்த வேறுபாடு என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

நான் முதலில் பார்க்கச் சொன்னது தரவரிசையை அல்ல. அந்தப் படிப்பு எந்த வீட்டில் பிறந்தது என்பதை. இசை நாடகம் பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றும் சேர்ந்தது என்று எல்லாக் கல்லூரியும் சொல்லும். ஆனால் மூன்றையும் சமமாகச் சொல்லிக்கொடுக்கும் இடம் அரிது. அமெரிக்காவில் இந்தப் படிப்பின் முன்னோடியான சின்சினாட்டி இசைக் கல்லூரி, பெயரிலேயே இசைப் பள்ளி. பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் 1914 முதல் நாடகத்துக்குப் பட்டம் தரும் இடம். அங்கே இசை நாடகம் நாடகப் பள்ளிக்குள் இருக்கிறது. லண்டனின் ஆர்ட்ஸ்எட், நடனப் பள்ளிகளிலிருந்து வளர்ந்தது. பிறந்த வீட்டுக் குணம் பாட அட்டவணையில் தெரிந்துவிடும். பலவீனம் நடனத்தில் என்றால் நடனம் வலுவாக உள்ள இடத்துக்குப் போவதா, அல்லது ஏற்கெனவே இருக்கும் பாட்டுத் திறனை மெருகேற்றும் இடத்துக்குப் போவதா? எங்கள் வீட்டில் இதற்கே ஒரு மாலை போனது.

சிங்கப்பூரில் தெரிவு குறைவு என்பதால் முடிவு எளிது என்று நினைக்கவேண்டாம். 1984ல் அருட்சகோதரர் ஜோசப் மெக்நல்லி தொடங்கிய லாசால் கலைக் கல்லூரி, ரோச்சோர் வட்டாரத்தில் இசை நாடகத்துக்கென்றே மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பை நடத்துகிறது. முன்பு லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் பட்டம் அங்கே தரப்பட்டது. லாசாலும் 1938ல் பிறந்த நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்து 2024ல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகமாகச் செயல்படத் தொடங்கிவிட்டன. இன்னொரு வகைப் பயிற்சியும் இங்கே உண்டு. குவோ பாவ் குன்னும் சசிதரனும் தொடங்கிய பண்பாட்டிடை நாடகக் கழகம் நடிகர்களுக்குக் கூடியாட்டம், நோ, பெய்ஜிங் இசை நாடகம் போன்ற ஆசிய மரபுகளைப் பழக்குகிறது. அது பிராட்வே வகை இசை நாடகம் அல்ல. ஆனால் ‘எனக்கு மேடைதான் வேண்டும், மேற்கத்திய மேடைதான் என்றில்லை’ என்று நினைக்கும் பிள்ளை அதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஐந்து மணிநேர விமானப் பயணத்தில் பெர்த்தின் ‘வாப்பா’ இருக்கிறது. எடித் கோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தக் கலைக்கழகத்தில்தான் ஹியூ ஜேக்மன் நடிப்புப் பயின்றார். ஆனால் அவர் படித்தார் என்பதற்காகச் சேரச் சொல்லமாட்டேன்.

அமெரிக்கா என்றால் பட்டத்தின் பெயரையும் கவனிக்கவேண்டும். ‘பி.எஃப்.ஏ.’ என்றால் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பயிற்சியே. ‘பி.ஏ.’ என்றால் பெரும்பாலும் பொதுப் பாடங்கள். படிப்பு நான்கு ஆண்டு. அந்தக் கூடுதல் ஆண்டுக்கும் கட்டணம் உண்டு.

இனி நம் பிள்ளைகளுக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகள் ஏழு வயதிலிருந்து கர்நாடக சங்கீதமும் பரதமும் படித்தவள். குரல் தேர்வுக்கு அது பெரிய பலம் என்று வீட்டில் எல்லாரும் நம்பினோம். பாதி சரி.

கர்நாடக இசையில் பாடுபவர் தம் குரலுக்கேற்ற சுருதியை வைத்துக்கொள்கிறார். பெண்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். எந்தக் கிருதியானாலும் அதே ஆதார சட்ஜம்தான். இசை நாடகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சுருதி எழுதி வைத்திருக்கும். வாத்தியக் குழு அதில் வாசிக்கும். நெஞ்சுக் குரலை மேலே தள்ளிப் பாடும் ‘பெல்ட்’ வேண்டும், மென்மையான தலைக்குரல் வேண்டும், இரண்டையும் கலக்கும் ‘மிக்ஸ்’ வேண்டும். கமகம் இல்லாமல் ஒரு சுரத்தைக் கோடு போட்டதுபோல் நிறுத்தத் தெரியவேண்டும். லண்டனிலும் நியூயார்க்கிலும் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பது வழக்கம். தவறான முறையில் கத்திப் பழகிய குரல் அதைத் தாங்காது. அவளுக்கு ஐரோப்பிய இசைக் குறியீட்டைப் பார்த்தவுடன் பாடவும் வரவில்லை. ஸ்வரம் எழுதிக் கொடுத்தால் எதையும் பாடிவிடுவாள், ஐந்து கோட்டைப் பார்த்தால் திணறினாள். சின்ன வயதில் பியானோ தேர்வு எழுதிய பிள்ளைகள் இந்த இடத்தில் அவளை எளிதாகத் தாண்டிப் போனார்கள்.

மற்றப் பாதிதான் எங்களுக்கு வியப்பு. பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது ஒரே வரியை ஐந்து முறை பாடினால் ஐந்து முறையும் வேறு பாவம் காட்டவேண்டும் என்று அவளுடைய நடன ஆசிரியை நச்சரித்திருக்கிறார். பாட்டை நடிப்பது என்பதும் அதுவே. அதே வரி திரும்பும்போது பாத்திரம் ஏன் அதைத் திரும்பச் சொல்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். குரல் தேர்வில் அவளைக் காப்பாற்றியது அபிநயம்தான் என்று நான் நினைக்கிறேன். ஜதி சொல்லிப் பழகிய காலுக்கு ‘டேப்’ நடனத்தின் தாளமும் சீக்கிரம் பிடிபட்டது. பாலே அப்படியில்லை. தரையை நோக்கி அமர்ந்த உடம்பை மேல்நோக்கித் தூக்கச் சொன்னால் அது உடனே கேட்காது.

ஆகவே இப்படிப்பட்ட பிள்ளை கல்லூரியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, வாரத்துக்கு எத்தனை நிமிடம் தனியாகப் பாட்டுப் பாடம் கிடைக்கும் என்பது. குழுவாகப் பாடும் வகுப்பைச் சேர்க்காமல் கேட்கவேண்டும். அதே ஆசிரியர் மூன்று ஆண்டும் இருப்பாரா? வகுப்பில் எத்தனை பேர்? முதலாண்டு முடிவில் யாரையாவது கழித்துவிடுகிறார்களா? விளக்கக் கூட்டத்தில் இதைக் கேட்டால் சிலர் நெளிவார்கள். நெளிவதும் ஒரு பதில்தான். பாடப் போன இடத்தில் ஆசிரியர்கள் நடந்துகொண்ட விதத்தையும் கவனியுங்கள். பாடி முடித்ததும் ‘அடுத்தவர்’ என்பவரும் உண்டு, ‘இதையே கோபமில்லாமல் பாடு பார்ப்போம்’ என்பவரும் உண்டு. குரல் தேர்வு என்றால் பிள்ளையை மட்டும் தேர்வு செய்கிறார்கள் என்று நினைத்துப் பயந்துபோய் இதைப் பார்க்காமலே வந்துவிடுகிறோம்.

அடுத்தது கொஞ்சம் கசப்பானது. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தக் கல்லூரி மேடையேற்றிய இறுதியாண்டு நாடகங்களின் நிகழ்ச்சி ஏடுகளை வாங்கிப் பாருங்கள். நம் நிறத்துப் பிள்ளைகள் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறார்கள்? தோழி, பணிப்பெண், கூட்டத்தில் ஒருத்தி என்று மட்டுமா? ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002ல் லண்டனிலும் 2004ல் பிராட்வேயிலும் மேடையேறியது. அப்படி ஒன்று எப்போதாவது வரும். அது வரும்வரை மூன்று ஆண்டு ஓரத்தில் நின்றால், இவ்வளவு பணம் கட்டிய பிறகும் முதன்மைப் பாத்திரத்தைத் தாங்கிய அனுபவம் இல்லாமலே பட்டம் வாங்கவேண்டியிருக்கும்.

கடைசி ஆண்டில் பெரும்பாலான கல்லூரிகள் முகவர்களை அழைத்து ஒரு காட்சி நடத்தும். லண்டன், நியூயார்க் கல்லூரிகள் விளம்பரத்தில் அதிகம் பேசுவது இதைத்தான். நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முகவருக்குப் பாட்டு பிடித்தாலும், அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதையும் அவர் பார்த்தாகவேண்டும். அக்கா மகள் லண்டனில் இறுதியாண்டு படிக்கும் ஒரு மலேசிய மாணவியைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு முகவர்கள் அணுகினார்களாம். இருவரும் பாட்டைப் பற்றி ஒரு நிமிடமும் விசாவைப் பற்றிப் பத்து நிமிடமும் பேசினார்களாம்.

இங்கே படித்தால் வேலை கொட்டிக்கிடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வைல்ட் ரைஸ் போன்ற நாடகக் குழுக்கள், செந்தோசா கேளிக்கைப் பூங்காவின் மேடைகள், சொகுசுக் கப்பல்கள், பள்ளிகளில் நாடக வகுப்பு எடுப்பது என்று பல இடங்களில் துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் பலர் பிழைக்கிறார்கள். ஆனால் அந்த நான்கு ஆட்களை மூன்று ஆண்டும் பக்கத்திலிருந்தே பழகிக்கொள்ளலாம். ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று: வெளிநாட்டுக் கல்லூரி இடம் கொடுத்தாலும் பட்டப்படிப்புக்காகத் தேசிய சேவையைத் தள்ளிப்போடப் பொதுவாக அனுமதி கிடைக்காது. இரண்டு ஆண்டு இடத்தைப் பிடித்துவைப்பார்களா, மறுபடி பாடிக்காட்டவேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முன்பணம் கட்ட இரண்டு நாள் இருக்கையில் அக்கா மகளே முடிவைச் சொன்னாள். இங்கேயே படிக்கிறாள். பணத்துக்காக விட்டுக்கொடுக்கிறாளோ என்று அத்தானுக்குச் சங்கடம். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், நானும் இருந்தேன். லண்டனில் அவள் பாடியதும் நன்றி சொல்லி அனுப்பினார்கள், இங்கே ஒரே பாட்டை இரண்டு சுருதியில் பாடவைத்து எது வலிக்கிறது என்று கேட்டார்கள் என்றாள். லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் நடத்தும் ஓராண்டு முதுகலைப் படிப்பைப் பற்றியும் விசாரித்து வைத்திருக்கிறாளாம். ‘ஓராண்டு என்றால் பார்க்கலாம்’ என்று அத்தான் சொன்னது அவருக்கே தெரியாமல் வாயில் வந்திருக்கவேண்டும்.

ஆகஸ்ட்டில் சேர்ந்தாள். டேப் காலணியோடு வீட்டில் பழகினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார் என்று இப்போது இரவில் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுகிறாள். அத்தான் கோப்பியை எடுத்துக்கொண்டு கூடவே இறங்குகிறார். ‘ராத்திரி நேரம், பிள்ளை தனியாக இருக்கக்கூடாது’ என்பது அவர் சொல்லும் காரணம்.