எந்தச் சட்டத்தின் கீழ் இந்த விசாரணை?

பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பது விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு மனப்பாடம். தீயணைப்பு வண்டிகள், சிவகாசி அரசு மருத்துவமனை வாசலில் கூட்டம், முதல்வரின் இரங்கல், நிவாரணத் தொகை, ஃபோர்மேன் கைது, உரிமம் தற்காலிக ரத்து. இரண்டு நாள் கழித்து ‘விசாரணைக் குழு அமைப்பு’ என்று ஒரு செய்தி. அதோடு சரி. அந்தக் குழு யாரை விசாரித்தது, என்ன கண்டது, யார் மீது குற்றம் சொன்னது என்று பிறகு எந்தச் செய்தியும் வருவதில்லை.

2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் பலி. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் அதே காரணங்கள்தான் பேசப்படுகின்றன: அனுமதித்த அளவைத் தாண்டி வெடிமருந்து, ஓர் அறையில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல் ஆள், மரத்தடியில் உற்பத்தி, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க உள்குத்தகைக்கு வேறொருவர். காரணம் ஊருக்கே தெரியும். இதையெல்லாம் பார்க்க வேண்டிய அதிகாரி பார்த்தாரா என்பதுதான் தெரியாது. அந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் உரிமை நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்கு இருக்கிறது.

நாடாளுமன்றக் குழு ஒன்று ஆட்களை வரவழைக்கலாம். ஆவணங்களையும் கோப்புகளையும் கேட்டு வாங்கலாம். மக்களவையின் நடைமுறை விதி 270 இதைச் சொல்கிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, மனுக்கள் குழு, அரசு உறுதிமொழிக் குழு ஆகியவற்றுக்கும் இதைப் போன்ற அதிகாரம் உண்டு. அதே விதி 270இல் ஒரு கதவும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது: நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று கருதினால் அரசு ஓர் ஆவணத்தைத் தர மறுக்கலாம். ‘நலன்’ என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கிவிடலாம்.

ஆனால் நம் நாட்டில் அரசாங்கம் ‘தர மாட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். அமெரிக்காவில் அது வெளிப்படையான மல்யுத்தம். 2012இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை, ஆவணம் தராத அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை அவமதிப்புக் குற்றவாளி என்றது; அவர் தலைமை வகித்த நீதி அமைச்சகமே வழக்குத் தொடர மறுத்துவிட்டது. அதே குற்றச்சாட்டில் டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் 2024இல் நான்கு மாதம் சிறையில் இருந்தார். நம்மூர் வழி வேறு. வராமல் இருப்பது, இழுத்தடிப்பது, குழுவில் இருக்கும் ஆளுங்கட்சி உறுப்பினர்களை வைத்தே கேள்வியை அமுக்கிவிடுவது.

2021 ஜூலை 28ஆம் தேதி நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு, பெகாசஸ் உளவு விவகாரம் பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உள்துறை, மின்னணுவியல், தொலைத்தொடர்பு ஆகிய துறைகளின் அதிகாரிகளை அழைத்திருந்தது. மூன்று துறையிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. அறைக்கு வந்த பாஜக உறுப்பினர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லை, கூட்டம் இல்லை. தரூர் சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். கட்சி மாறினாலும் வழக்கம் மாறுவதில்லை. 2ஜி விவகாரத்தை ஆராய்ந்த பி.சி. சாக்கோ தலைமையிலான கூட்டுக்குழுவிடம், நானே நேரில் வந்து சொல்கிறேன் என்று கேட்டார் முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா. குழு அவரை அழைக்கவே இல்லை. எழுத்தில் வாங்கிக்கொண்டு, 2013இல் பெரும்பான்மை ஓட்டில் அவர் மீதே பழி சொல்லி அறிக்கையை முடித்தது. டெல்லியில் ஆம் ஆத்மி அரசு 14 தணிக்கை அறிக்கைகளைச் சட்டமன்றத்தில் வைக்காமலே காலத்தை ஓட்டியது. உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் கண்டித்தும், ஆட்சி மாறிய பிறகுதான் அவை மேசைக்கு வந்தன. தணிக்கை அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவு சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை.

சட்டமன்றத்திடம் ஆயுதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உரிமை மீறல் என்ற ஆயுதம் இருக்கிறது. 1987இல் அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சிறைக்கு அனுப்பிய பேரவை நம்முடையது. 2003 நவம்பரில் தி இந்து ஆசிரியர் குழுவினரையும் முரசொலி ஆசிரியரையும் கைது செய்ய உத்தரவிட்டதும் அதே பேரவைதான். பத்திரிகைக்காரர்களிடம் காட்டிய அந்த வேகத்தை, கேட்ட கோப்பை ஆண்டுக்கணக்கில் அனுப்பாத துறைகளிடமும் காட்டியிருந்தால் தமிழ்நாட்டு நிர்வாகம் வேறு மாதிரி இருந்திருக்கும். பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது நாடாளுமன்றத்தில் 1967 முதல் வழக்கம். 2021இல் அமைந்த தமிழகப் பேரவையில் அந்தப் பொறுப்பு, ஆளும் திமுகவின் கூட்டணிக் கட்சியான காங்கிரஸின் கு. செல்வப்பெருந்தகையிடம் போனது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. தோழமைக் கட்சி ஆட்சியின் துறைச் செயலாளரை எதிரே உட்கார வைத்து எவ்வளவு தூரம் துருவ முடியும் என்பதுதான் கேள்வி. கேரளத்தில் 1980 முதல் துறைவாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. நம் பேரவையில் அந்த ஏற்பாடும் கிடையாது.

சிவகாசிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே ஆலைகளைப் பேசும்போதே ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்று பிரித்துத்தான் பேசுவோம். 15 கிலோ வெடிமருந்து வரைக்கும் உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம், அதாவது மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.). அதற்கு மேல் போனால் பெசோ என்கிற மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அதன் தலைமையகம் நாக்பூரில், அதற்கு மேலே டெல்லியில் வர்த்தக, தொழில் அமைச்சகம். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கும் தொழிலக பாதுகாப்பு இயக்ககமோ மாநில அரசுடையது. வெடிபொருள் மத்தியப் பட்டியலில் இருப்பதால் ‘அது நாக்பூர் விஷயம்’ என்று மாநிலம் கைகழுவும். அன்றாடக் கண்காணிப்பு மாவட்டத்தின் வேலை என்று டெல்லி சொல்லும். பெசோ அதிகாரியை வரவழைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்தின் வர்த்தக நிலைக்குழுவுக்கு இருக்கிறது, டி.ஆர்.ஓ.வையும் தொழிலக பாதுகாப்பு இணை இயக்குநரையும் சட்டமன்றக் குழு கேட்கலாம். ஆகவே சிவகாசியில் ஒரு விபத்துக்கு எம்.பி., எம்.எல்.ஏ. இரண்டு பேரிடமும் மனுக் கொடுக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால் பாதிக் கேள்விதான் கேட்கப்படும்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. ‘உயர்மட்டக் குழு விசாரிக்கும்’ என்று அறிவிப்பு வந்த அன்றே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: எந்தச் சட்டத்தின் கீழ்? 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தின்படி ஆணையம் அமைந்தால், அதன் 3(4) பிரிவின்படி, அறிக்கை அரசின் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை என்ன என்ற குறிப்போடு சேர்த்து அவையில் வைத்தாக வேண்டும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 18ஆம் தேதி அது பேரவையில் வைக்கப்பட்டது. எந்த அதிகாரி எங்கே தவறினார் என்று ஊரே வாசித்தது. பிறகு நடவடிக்கை போதுமா என்பது வேறு சண்டை. சண்டை போடவாவது கையில் ஒரு தாள் இருந்தது.

வெறும் அரசாணையில் அமைத்த அதிகாரிகள் குழுவுக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. அறிக்கை அமைச்சரின் மேசையோடு நின்றுவிடலாம். அச்சங்குளம் விபத்தில் மட்டும் கதை சற்று மாறியது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. அந்த அறிக்கை தீர்ப்பாயத்தின் முன் வந்ததால் யார் எங்கே தவறினார்கள் என்ற பேச்சு வெளியில் வந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடும் உத்தரவானது. சட்டமன்றம் கேட்டு வாங்கியிருக்க வேண்டியதை ஒரு தீர்ப்பாயம் செய்துகொடுத்தது.

ஆணையமும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை என்றால்? 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 9ஆம் பிரிவின்படி, உயிரிழப்பு நேர்ந்த வெடி விபத்தில் மாவட்ட நிர்வாக நடுவரின் விசாரணை நடந்தாக வேண்டும். பெரிய விபத்து என்றால் 9ஏ பிரிவின்படி மத்திய அரசே விசாரணை வைக்கலாம். அப்படி நடந்த விசாரணையின் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ‘எங்களிடம் இல்லை, நாக்பூரைக் கேளுங்கள்’ என்று மனுவைத் திருப்பக் கூடாது. 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. பிறகு மாநில அலுவலகம் என்றால் மாநிலத் தகவல் ஆணையம், பெசோ என்றால் மத்தியத் தகவல் ஆணையம்.

வரப்போகும் மறுப்பும் தெரிந்ததுதான்: ‘புலன் விசாரணை நடக்கிறது, 8(1)(எச்).’ விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, தகவலைத் தந்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என டெல்லி உயர்நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007இலேயே சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் அந்த வழக்கின் பெயரை எழுதுங்கள். ஒன்றை மட்டும் இழந்துவிட்டோம். ‘நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது’ என்று 8(1)(ஜே) பிரிவின் அடியில் ஒரு வரி இருந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இனி ஓர் அதிகாரியின் பெயர் வரும் தாளை ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லி மறைக்கப் பார்ப்பார்கள். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு மிச்சமிருக்கிறது. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும். வருமுன் ஆட்சியர் அலுவலகம் வழியாக மனுக்கள் கேட்கப்படும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை அது தொடாது. ஆகவே உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும் எண்ணமிருந்தால் எது முதலில் என்று யோசித்துச் செய்யுங்கள். அமைச்சர் அவையில் ‘பரிசீலிக்கப்படும்’, ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம். நாடாளுமன்றத்தில் இத்தகைய சொற்கள் உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், தவறினால் உறுதிமொழிக் குழு கேட்கும். அந்தப் பதிலின் தேதியையும் கேள்வி எண்ணையும் குறித்து வைத்து, உங்கள் எம்.பி.க்கு நினைவூட்டுங்கள்.

இறந்தவர் குடும்பத்துக்கு ஓர் எச்சரிக்கை. நிவாரணம் வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தொழிற்பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

தகவல் மனுவில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த ஊர், தேதி. வெடிபொருள் சட்டம் 9ஆம் பிரிவு விசாரணை நடந்ததா, நடத்தியவரின் பதவி என்ன, அறிக்கையின் நகல். விபத்துக்கு முந்தைய ஓராண்டில் அந்த ஆலையை ஆய்வு செய்த தேதிகள், ஆய்வுக் குறிப்புகளின் நகல். அரசு அமைத்த குழு எந்தச் சட்டத்தின், எந்தப் பிரிவின் கீழ் அமைந்தது, அரசாணை எண். அறிக்கை அவையில் வைக்கப்பட்டதா, எந்தத் தேதியில். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.