உளி பிடிக்கக் கற்றோம்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பூசையறையில் மரத்திற் செதுக்கிய பிள்ளையார் ஒருவர் வீற்றிருப்பார். ஊரிலிருந்து வரும்போது துணிமூட்டைக்கு நடுவே வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தவராக அவர் இருக்கலாம். 1994 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தில்லி ஹாட்டில் விலைபேசி வாங்கியவராகவும் இருக்கலாம். நாள்தோறும் அவரை வணங்குகிறோம். ஆயினும் அவருடைய துதிக்கையின் வளைவு எவ்வாறு உண்டாயிற்று, அதற்கு எத்தனை நாள் உழைப்புச் சென்றது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் சிலரே. அதனை அறியும் ஆவலால், நம்மவர் எண்மர் சென்ற குளிர்காலத்தில் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஓர் ஆசிரியரிடம் மரச்செதுக்கு வேலை பயின்றோம். அப்பயிற்சியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஆசிரியர் பெரம்பலூர் மாவட்டத்துத் தச்சர் மரபில் வந்த பெரியவர். அம்மாவட்டத்தில் பச்சைமலைச் சாரலை அடுத்துள்ள அரும்பாவூர், மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்றது. அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020 ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021 ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமல்லபுரத்தில் 1957 ஆம் ஆண்டு தொடங்கிய அரசினர் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, கல், உலோகம், சுதை ஆகியவற்றோடு மரத்திலும் சிற்பம் வடிக்கக் கற்பித்து வருகின்றது. எனினும், நம் ஆசிரியர் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். தந்தையின் பட்டறையே அவருக்குக் கல்லூரி.

முதல் ஞாயிறன்று மரத்தைத் தொடவே அவர் விடவில்லை. உளி தீட்டுதலே அன்றைய பாடம். கல்லின்மீது சிறிது எண்ணெய் விட்டு, உளியின் சாய்வு மாறாமல் முன்னும் பின்னுமாகத் தேய்த்து, பிறகு தோலின்மேல் இழுத்து மெருகேற்ற வேண்டும். மழுங்கிய உளிதான் கையை வெட்டும் என்றார். அது விந்தையாகத் தோன்றலாம், காரணமோ எளிது. கூர்மையான உளி சிறு விசைக்கே மரத்தைச் சீவும். மழுங்கியதை வலிந்து தள்ள நேர்கிறது, தள்ளியது வழுக்கும். ஆதலின், பலகையை மேசையோடு இறுக்கிப் பிணைத்துவிட்டு, இரு கைகளையும் உளிமுனைக்குப் பின்னாலேயே வைத்திருப்பது கற்போர்க்கு முதல் விதியாகும்.

இரண்டாம் பாடம் மரத்தின் நார் ஓட்டம். மரம் நெடுக நார் நாராக வளர்வது. அந்நார்கள் சாயும் திசையை ஒட்டிச் சீவினால் பட்டுப்போல் சுருள் சுருளாக வரும். எதிர்த்துச் சீவினால் உளி உள்ளே புகுந்து சிம்பு பெயர்க்கும். உடன் பயின்ற இளைஞர் ஒருவரின் பலகையில் இவ்வாறு ஓர் இதழே பெயர்ந்து வந்துவிட்டது. ஆசிரியர் சினக்கவில்லை. “மரத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், தம்பி. அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாக உளியைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்று கூறி, அவர் கையின்மேல் தம் கையை வைத்து உளியை நடத்திக் காட்டினார். புத்தகம் எத்துணை நன்றாக எழுதப்பட்டிருப்பினும் இந்த ஒன்றைத் தருதல் இயலாது.

பின்னர் ஆறு அங்குலப் பலகையில் தாமரை. முதலில் வட்டமும் இதழ்களும் வரைய வேண்டும். கோட்டின்மேல் உளியை நிறுத்திக் கொட்டாப்புளியால் தட்டி எல்லை கட்ட வேண்டும். அதன்பின் சுற்றுப்புறத்தைத் தாழ்த்தி இதழை மேலே நிறுத்தி, நகம்போல் வளைந்த உளியால் இதழ் ஒவ்வொன்றையும் குழிக்க வேண்டும். வட்டம் ஒன்றைச் சுற்றிச் சீவி வருவதற்குள் நார் ஓட்டத்திற்கேற்ப நான்கு முறை திசை மாற்ற வேண்டியுள்ளது. ஆசிரியர் ஒரு மணி நேரத்திற்குள் முடித்த அத்தாமரை, நம்முள் ஒவ்வொருவருக்கும் ஐந்து ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது. பள்ளி மாணவி ஒருத்தியின் தாமரையே எல்லாவற்றினும் நன்றாக அமைந்தது, அவள் அவசரப்படவில்லை.

தில்லியின் தட்பவெப்பத்திற்கு ஏற்ற செய்தி ஒன்றும் அறிந்தோம். மரம் நீளவாட்டில் ஏறத்தாழ மாறுவதே இல்லை. குறுக்குவாட்டிலோ ஈரத்திற்கு விரிந்து வறட்சிக்குச் சுருங்கும். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த சிற்பங்கள் இங்குக் கோடையில் நெடுக வெடிப்பது இதனால்தான். ஆகவே, குளிர்காலத்து ஹீட்டருக்கும் நேர் வெயிலுக்கும் அருகில் அவற்றை வைத்தலாகாது. நன்கு உலராத கட்டையில் செய்த சிற்பம் விரைவில் வெடிக்கும். அதனால் நல்ல சிற்பி கட்டையை நிழலில் அடுக்கி மாதக் கணக்கில் காத்திருக்கிறார். தடித்த கட்டைக்கு ஆண்டும் செல்லும். காத்திருக்கும் காலத்திற்கு அவருக்குக் கூலி தருவார் யாருமில்லை.

இவ்விடத்தில்தான் பயிற்சியின் உண்மைப் பயன் நமக்கு விளங்கியது. பத்து ஞாயிறுகளில் எவரும் சிற்பியாகிவிடுவதில்லை. ஆனால், கண் மாறுகின்றது. பழைய கோட்டைக்கு எதிரே, 1956 ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கைவினை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் துளு நாட்டுப் பூத உருவங்கள் உண்டு. உளி பிடித்த பின் அவற்றைக் காண்போர், மரத்தின் நார் எங்கே ஓடுகிறது, உளி எங்கே திரும்பியது என்று தேடத் தொடங்குவர். அவ்வாறே கடையில் ஒரு சிற்பத்தின் விலையைக் கேட்டவுடன் பாதியாகக் குறைக்கும் வழக்கமும் தானே நாணி ஒதுங்கும். ஒரு தாமரைக்குப் பதினைந்து மணி நேரம் செலவிட்டவர், விரலளவு விரலுக்குள் நகம் செதுக்கியவரிடம் பேரம் பேச மாட்டார்.

இஃது ஒரு சிறு நன்மை அன்று. “என் பிள்ளைக்கு உளி பிடிக்கத் தெரியும், உளியை வைத்துக் குடும்பம் நடத்தத்தான் வழி தெரியவில்லை” என்றார் ஆசிரியர். அவர் மகன் இன்று ஆலைத் தொழிலாளி. குறியீடு கிடைத்தால் மட்டும் தொழில் நிலைத்துவிடாது. உரிய விலை கொடுத்து வாங்குவோர் வேண்டும். அத்தகையோரை உண்டாக்குதற்கு உளியைக் கையில் கொடுப்பதைவிடச் சிறந்த வழி நாம் அறியோம்.

எனவே, நம் சங்கங்களும் பள்ளிகளும் ஒன்று செய்யலாம். பேச்சுப் போட்டிக்கும் இசைக்கும் ஒதுக்குவது போல், ஆண்டுக்கு ஒரு முறை ஊர்ச் சிற்பி ஒருவரை இரண்டு திங்கள் தலைநகருக்கு அழைத்து, உணவும் உறையுளும் தகுந்த ஊதியமும் அளித்து, சிறுவர்க்கும் பெரியவர்க்கும் கற்பிக்கச் செய்யலாம். எட்டுப் பேருக்கு ஓர் அறையும், எட்டு மேசையும், சில உளிகளும் போதும். பொறுப்பேற்க முன்வரும் அன்பர்கள் அடுத்த பருவத்திற்குள் ஒன்றுகூடுவார்களாக.