லோகோவில் இருக்கு, தட்டில் இல்லை... வொர்செஸ்டர் கறுப்புப் பேரிக்காய்க்கு என்ன ஆச்சு?

2017-ல் நம்ம அஸ்வின் இங்கிலாந்து போய் வொர்செஸ்டர்ஷயர் அணிக்காக கவுன்டி கிரிக்கெட் ஆடினார், ஞாபகமிருக்கா? அந்த டீமின் லோகோவை ஜூம் செய்து பாருங்கள். மூன்று கறுப்புப் பேரிக்காய்கள் தெரியும். டீமின் செல்லப்பெயரே 'தி பியர்ஸ்'தான்.

அந்தக் காய் நிஜமாகவே இருக்கிறது. பெயர் 'பிளாக் வொர்செஸ்டர்'. கறுப்பு என்று சொன்னாலும், சொரசொரப்பான அடர் பழுப்புத் தோல்தான். ஆனால், பறித்ததும் கடித்தால் பல்லுதான் வலிக்கும். சதை முழுக்க 'கல் செல்கள்'. பேரிக்காய் சாப்பிடும்போது நாக்கில் மணல் மாதிரி நெருடுமே, அதுதான். இதில் அது ரொம்பவே அதிகம். துவர்ப்பும் சேர்த்தி.

அப்புறம் எதுக்கு வளர்த்தாங்க? நம் வீட்டு வாழைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் உரித்துச் சாப்பிடுவதில்லை, சமைக்கிறோம். அப்படித்தான் இதுவும். இங்கிலாந்தில் இப்படிச் சமையலுக்கென்றே இருந்த கெட்டிப் பேரிக்காய்களை 'வார்டன்' என்பார்கள். ஒயின், சர்க்கரை, பட்டை சேர்த்து, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிட்டால் கல் மாதிரி இருந்தது குழைந்து வரும். ஷேக்ஸ்பியரின் 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஒரு கேரக்டர் போடும் மளிகை லிஸ்ட்டில், வார்டன் பைக்கு நிறம் சேர்க்கக் குங்குமப்பூகூட உண்டு!

இதன் உண்மையான பலம் ருசி இல்லை, ஆயுள். இலையுதிர் காலத்தில் பறித்து, குளிர்ச்சியான அறையில் அடுக்கினால் வசந்தம் வரை தாங்கும். தோட்டத்தில் ஒன்றுமே காய்க்காத மாதங்களில் வீட்டில் பழம் இருந்தது என்றால், இந்த மாதிரிக் காய்களால்தான்.

1575-ல் முதலாம் எலிசபெத் ராணி வொர்செஸ்டர் வந்தபோது, காய்த்துத் தொங்கிய கறுப்புப் பேரி மரத்தைப் பார்த்தாராம். ஒரு காயைக்கூட யாரும் பறிக்காத ஒழுக்கத்தில் மகிழ்ந்து, நகரச் சின்னத்தில் அதைச் சேர்க்கச் சொன்னார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. ஒழுக்கமோ என்னவோ, கடிக்க முடியாத காயை யார் திருடுவார்?

பிறகு டின் பழங்கள் வந்தன, ஃபிரிட்ஜ் வந்தது. இங்கிலாந்தில் குளிர் முடியும் நேரத்தில் தென்னாப்பிரிக்கா, சிலியிலிருந்து இனிப்புப் பேரிக்காய் கப்பலேறி வந்துவிடுகிறது. 'ஆறு மாதம் தாங்கும்' என்பது இனி யாருக்கும் பெரிய விஷயமில்லை. அடுப்பருகே மணிக்கணக்கில் நிற்கவும் ஆள் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் இதைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆனால் அங்குள்ள சில நர்சரிகளில் கன்று இன்னும் விற்கிறார்கள். வாங்குபவர்கள், வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு இடம் வைத்திருப்பவர்கள்தான்.