கணினியும் நாமும் – 14: கார்டில் மிச்சமிருந்த குரல்

"தம்பி, எல்லாம் போச்சுப்பா" என்றார் டீச்சர் தொலைபேசியில். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை. பிரிக்பீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்தவன் தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். எதற்கும் பதறாதவர் அவர்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் தெலுக் பங்லிமா காராங்கில் டீச்சர் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஒன்று உண்டு. லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. இந்தப் பக்கம் பந்திங் சாலை நெடுக, பெயர் மட்டும் மிஞ்சிய தோட்டங்கள். அங்கே வாழ்ந்த பெரியவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்கிறார். பால்மரம் வெட்டியவர், மண்டோரின் மகள், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் என்று 14 பேர். அத்தனை பேச்சும் ரிக்கார்டரின் ஒரே மெமரி கார்டில் இருந்தது. கணினிக்கு மாற்றியாயிற்று என்று நம்பி, கார்டில் இருந்த ஃபோல்டரை அழித்திருக்கிறார். கணினிக்கு வந்திருந்ததோ அந்த ஃபோல்டரின் ஷார்ட்கட் மட்டும்.

"ரீசைக்கிள் பின்ல பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

இருக்காது. மெமரி கார்டிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் விண்டோஸில் அழிப்பவை அந்தக் கூடைக்குப் போவதில்லை. அது தெரிந்ததுதான். எனக்குத் தெரியவேண்டியது வேறு.

"அழிச்சதுக்கு அப்புறம் அந்தக் கார்டுல ஏதாச்சும் பதிவு பண்ணீங்களா டீச்சர்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நேத்து கோயில்ல காவடி… ரெண்டு மணி நேரம்."

கார்டை உடனே ரிக்கார்டரிலிருந்து எடுக்கச் சொன்னேன். அதன் ஓரத்தில் உள்ள சிறு பூட்டை இறக்கிவிடச் சொன்னேன். நான் வரும்வரை எதிலும் செருக வேண்டாம், யார் சொன்னாலும் எந்த மென்பொருளையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்றேன். கேஎல் சென்ட்ரலில் கிள்ளானுக்கு ரயில் ஏறியபோது மனம் அந்த இரண்டு மணி நேரத்திலேயே நின்றது.

தோட்டத்து வழக்கிலேயே சொல்கிறேன். கிராணி செக்ரோலில் ஒருவர் பெயரை அடித்துவிடுகிறார். கணக்குப்படி லயத்தில் அந்த வீடு காலி. ஆனால் போய்ப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, ஆட்கள் இருக்கிறார்கள். வேறு குடும்பம் மூட்டையோடு வந்து இறங்கும்போதுதான் அவர்கள் வெளியேறவேண்டும். கோப்பை அழிப்பதும் இப்படித்தான். மெமரி கார்டுகளில் வழங்கும் ஃபேட் முறையில், கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி விழும். அது வைத்திருந்த இடமெல்லாம் காலி என்று பட்டியலில் பதிவாகும். அவ்வளவுதான், உள்ளே இருந்ததை யாரும் தொடுவதில்லை. 1991இல் வந்த எம்.எஸ்.டாஸ் 5இல் 'அன்டெலீட்' என்றொரு கட்டளை இருந்தது. அழிந்த கோப்பை மீட்கும்முன் அது நம்மிடம் பெயரின் முதல் எழுத்தைக் கேட்கும். அந்த ஓர் எழுத்துதான் அதற்குத் தெரியாது.

ஆகவே கோப்பைக் கொல்வது அழித்தல் அல்ல, அதன்பின் எழுதுவது. பதற்றத்தில் நாம் செய்வதெல்லாம் எழுதுதல்தான்: மீட்பு மென்பொருளை அதே தட்டில் இறக்குகிறோம், மீண்டதை அதே தட்டில் சேமிக்கிறோம். கைபேசியில் அழிந்த படத்தைத் தேடிக்கொண்டே புதுப் படங்கள் எடுக்கிறோம்.

புதிய மடிக்கணினிகளில் நிலைமை இன்னும் கடுமை. அவற்றில் சுழலும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. இருக்கிறது. விண்டோஸ் 7 முதல், கோப்பு அழிந்தவுடன் 'இந்த இடம் இனித் தேவையில்லை' என்று கணினியே அதற்குச் சொல்லிவிடுகிறது. அது தன் ஓய்வு நேரத்தில் உண்மையாகவே துடைத்துவிடும். லோயாட் பிளாசாவில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். அதில் நம்பக்கூடியது முன்பே எடுத்துவைத்த பிரதி ஒன்றுதான்.

மேகச் சேமிப்பில் கதை எளிது, ஆனால் தவணை உண்டு. கூகள் டிரைவின் குப்பைக்கூடையில் 30 நாள் இருக்கும், ஒன்டிரைவின் தனிநபர் கணக்கிலும் அப்படியே. பலர் தவறுவது வேறு இடத்தில். கணினியோடு ஒத்திசைத்து வைத்த மேகம் ஒரு கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

பிரதி எடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 2021 டிசம்பர் நடுவில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 77 டெராபைட், அழிந்துபோயின. அழித்தது பிரதி எடுக்கும் நிரலேதான். அது ஓடிக்கொண்டிருந்தபோதே அதைப் புதுப்பித்ததால், பழைய பதிவேடுகளை நீக்கவேண்டியது ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கிவிட்டது. அதே வாரக் கடைசியில், 18ஆம் தேதி, நம் சிலாங்கூரில் வெள்ளம். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரைவரை நீர் ஏறிய வீடுகளில் கல்யாண ஆல்பமும் போயிற்று, அதன் சி.டி.யும் போயிற்று. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. ஒரு பிரதியாவது வேறு ஊரில், சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொள்வது அதனால்தான்.

டீச்சர் வீட்டில் முதலில் கார்டை அப்படியே முழுசாக ஒரு கோப்பாக என் ஹார்ட்டிஸ்க்கில் நகலெடுத்தேன். இனி என்ன தவறு செய்தாலும் நகலில்தான். பிறகு ஃபோட்டோரெக். பிரெஞ்சு நிரலர் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள் இது. பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடிக்கொண்டு போகும். வேவ் ஒலிக்கோப்பு என்றால் 'ரிஃப்' என்ற நான்கு எழுத்தில் தொடங்கும். ரிக்கார்டர் ஒரு பேச்சை முடித்துவிட்டே அடுத்ததை எழுதுவதால் கோப்புகள் சிதறாமல் வரிசையாக இருந்தன. மதியத்துக்குள் 11 பேர் வந்துவிட்டார்கள். பெயர்கள் மட்டும் வரவில்லை, வெறும் எண்கள். ஓட்டவிட்டால் போதும், இரண்டே சொல்லில் டீச்சர் ஆளைச் சொன்னார்.

முதல் மூன்றும் இல்லை. அந்த இடத்தில்தான் காவடி குடியேறியிருந்தது. இத்தகைய பதிவு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 நிமிடக் காவடி, 50 நிமிடம் பேசியவரையும் 45 நிமிடம் பேசியவரையும் முழுக்க மூடி, மூன்றாமவரின் 56 நிமிடத்தில் 25ஐயும் தின்றிருந்தது. முதல் இருவர் நலமாக இருக்கிறார்கள், மறுபடி போய்க் கேட்கலாம். மூன்றாமவர் தீபாவளிக்கு முன்பே காலமாகிவிட்டார்.

தலை போன கோப்பை ஃபோட்டோரெக் அடையாளம் காணாது. ஆனால் வேவ் கோப்பில் தலைக்குக் கீழே இருப்பது சுருக்கப்படாத வெறும் ஒலி எண்கள். நகலில் காவடி முடியும் இடத்துக்கும் நான்காம் பேச்சு தொடங்கும் இடத்துக்கும் நடுவே இருந்ததை வெட்டியெடுத்து, ஆடாசிட்டியில் 'மூலத் தரவு' என்று திறந்து, ரிக்கார்டரின் அளவுகளைக் கொடுத்தேன். முதலில் வெறும் இரைச்சல். ஒரு பைட் தள்ளி வைத்தேன்.

"…ங்கல" என்றது ஒரு கிழக்குரல்.

1941இல் கிள்ளான், குவால லங்காட் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்றார். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். படை வந்தது, சுட்டது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடை மூடப்படவேண்டும் என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும். அப்போது அந்தக் குரலுக்குரிய பெரியவருக்கு 8 வயது.

டீச்சர் அந்த அரைச் சொல்லை மூன்று முறை ஓட்டச் சொன்னார்.

"இறங்கல. அவங்க அப்பா சைக்கிள விட்டு இறங்கல. அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார். பிறகு பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துத் தேதி போட்டு, போய்விட்ட 25 நிமிடத்தில் தமக்கு நினைவிருந்ததை எழுத உட்கார்ந்தார்.